தைப்பனியும் துறவி நண்டின் கண்ணாடித் தொட்டியும்

தை மாதத்து விடியற்காலை ஐந்து மணிக்கு, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் வெப்பமானி 21 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. மனிதர்களுக்கு அது ஒரு போர்வையோடு தீர்ந்துபோகும் குளிர். அதே கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள், காலிச் சங்கை வீடாகச் சுமந்து வாழும் துறவி நண்டுக்குப் போர்வை உதவாது. போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. உடல் உண்டாக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. நண்டின் உடலோ, நம் உடலைப் போல 37 டிகிரியில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதில்லை. சுற்றியுள்ள காற்றும் மணலும் எந்தச் சூட்டில் இருக்கின்றனவோ, விரைவிலேயே அதன் உடலும் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். ஆகவே துறவி நண்டைக் குளிரிலிருந்து காப்பது என்றால், அது வாழும் இடத்தின் காற்றைச் சூடு குறையாமல் வைத்திருப்பது என்று பொருள்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதுவரை புரிந்துகொள்வதில் சிரமம் இருப்பதில்லை. சிரமம் அடுத்த படியில் வருகிறது. தரையில் வாழ்ந்தாலும் இந்த நண்டு செவுளால்தான் மூச்சு விடுகிறது. செவுள் ஈரமாக இருந்தால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும். காற்றைச் சூடாக்கினாலோ அது உலர்ந்துபோகிறது. குளிருக்கு அஞ்சிச் சூடேற்றி, அந்தச் சூட்டாலேயே நண்டை மூச்சுத் திணற வைத்துவிடுகிற தவறு இங்கேதான் நேர்கிறது. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால், மீதி எல்லாம் சாமான் வாங்கிப் பொருத்துகிற வேலைதான்.

எந்த நண்டைப் பற்றிப் பேசுகிறோம்

துறவி நண்டு என்ற ஒரே பெயரில் இருவேறு வாழ்க்கை வாழும் உயிர்கள் உள்ளன. கோடியக்கரையிலிருந்து பூம்புகார் வரையிலான நம் கடற்கரையில், அலை ஒதுங்கும் இடங்களிலும் கழிமுகத்துச் சேற்றிலும் சங்கைச் சுமந்துகொண்டு நகர்பவை பெரும்பாலும் கடல்வாழ் துறவி நண்டுகள். அவை உப்புத் தண்ணீருக்குள் இருக்க வேண்டியவை. மணல் பரப்பிய தொட்டியில் போட்டு எவ்வளவு சூடு கொடுத்தாலும் பிழைக்கமாட்டா. இந்தக் கட்டுரை நிலத்தில் வாழும் துறவி நண்டைப் பற்றியது. அறிவியலார் அதைச் சீனோபிட்டா என்னும் பேரினத்தில் வைக்கிறார்கள். உருவத்தில் மிகப் பெரியதான தேங்காய் நண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முட்டை பொரிவதும் குஞ்சுகள் மிதந்து வளர்வதும் கடலில். பிறகு சிறு சங்கு ஒன்றைத் தேடிப் புகுந்துகொண்டு கரையேறியபின் வாழ்நாள் முழுதும் தரையில். வளர்ந்த நண்டை நெடுநேரம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தால் அது மூச்சு முட்டி இறந்துவிடும்.

இப்படிக் கடலை நம்பியே இனப்பெருக்கம் செய்வதால், வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்ப்பது மிக அரிது. விற்பனைக்கு வருபவை அநேகமாக எல்லாமே கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. அதனால் ஆசைக்காகப் புதிதாகப் பிடித்து வருவதையோ வாங்கி வருவதையோ நான் ஆதரிப்பதில்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட உயிரை நல்லபடியாக வைத்திருப்பது வேறு கடமை. எங்கள் தொட்டி, வேலை மாற்றத்தால் ஊரை விட்டுப் போன சித்தப்பா குடும்பம் எங்களிடம் ஒப்படைத்துச் சென்றது. அதில் மூன்று நண்டுகள் இருக்கின்றன. பொறுப்பாகப் பராமரித்தால் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் இது என்பதைத் தெரிந்துகொண்டபின், அத்தனை தை மாதங்களையும் அவற்றோடு சேர்ந்து கடக்க வேண்டுமே என்ற எண்ணத்தில்தான் இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்

நிலத் துறவி நண்டுக்கு ஏற்ற காற்றுச் சூடு 24 முதல் 29 டிகிரி வரை. ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரை. நான் 26 அல்லது 27 டிகிரியில் நிறுத்திவைக்கிறேன். மேலும் கீழும் சற்றே தவறினாலும் இடம் இருக்கும். சூடு 22 டிகிரிக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் நண்டின் உடலுக்குள் நடக்கும் எல்லா வேலைகளும் மந்தமாகின்றன: இரவில் வெளியே வந்து உலவுவதில்லை, தீனியைத் தொடுவதில்லை, உணர்கொம்புகள் அசைவதில்லை, சங்குக்குள் ஒடுங்கி, பெரிய இடது கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஓர் இரவு இப்படிக் கழிந்தால் ஆபத்து இல்லை. நாள் கணக்கில் நீடித்தால் உண்பதும் செரிப்பதும் தோலுரிப்பதும் தடைப்பட்டு, நண்டு மெல்ல மெல்ல வலுவிழந்து இறக்கும்.

தோலுரிப்பதற்கு முன்பும் நண்டு இதேபோல ஒடுங்கிக் கிடக்கும் என்பதால், நண்டின் நடத்தையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முதலில் வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்த சிறு டிஜிட்டல் கருவி, உணரியை ஒயரோடு தொட்டிக்குள் விடும் வகையில், குறைந்த விலைக்கே கிடைக்கிறது. தொட்டிக்கு வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். உள்ளே உள்ள காற்றின் சூட்டைச் சொல்லாது.

ஈரப்பதமானிகள் பல நேரங்களில் பத்து விழுக்காடு வரை தவறாகக் காட்டுவதால், வாங்கியவுடன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. இதற்கு நம் பகுதியிலேயே விளையும் வேதாரண்யத்துக் கல்லுப்பு போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் அருகருகே வைத்து மூடிவிட வேண்டும். ஈர உப்புக்கு மேலே அடைபட்ட காற்று 75 விழுக்காடு ஈரப்பதத்தில் வந்து நிற்பது இயற்கை. நம் வீட்டுச் சூட்டில் அந்த எண் மாறுவதில்லை. எட்டு அல்லது பத்து மணி நேரம் கழித்துக் கருவி 70 என்று காட்டினால், அது எப்போதும் 5 குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளலாம். இதே கல்லுப்பை நண்டின் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. உப்பளத்தில் உப்பு படிந்தபின் வடித்துவிடும் நீரோடு கடலின் மெக்னீசியம் போன்ற மற்ற உப்புகள் பெரும்பாலும் போய்விடுகின்றன. நண்டுக்குத் தேவையோ முழுமையான கடல்நீர். அதற்கென்று கடல்மீன் தொட்டிகளுக்கு விற்கும் உப்பை வாங்குவதே சரி.

மழைக்குளிரும் பனிக்குளிரும்

டெல்டாவில் குளிர்காலம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும், தொட்டியைப் பொறுத்தவரை இரண்டு குளிர்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்போது வானம் மூடியே இருக்கும். பகலில் வெயில் ஏறாது, ஆனால் மேகம் போர்வைபோல் மூடியிருப்பதால் இரவிலும் சூடு அதிகம் இறங்காது. பகலுக்கும் இரவுக்கும் நாலைந்து டிகிரிதான் வேறுபாடு. காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை. இந்த மழைக்குளிரில் தொட்டிக்குச் சிறிதளவு சூடு போதும்.

மழை ஓய்ந்து வானம் தெளிந்தபின் வருவது பனிக்குளிர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் குளிரைத்தான். மேகம் இல்லாத இரவில் தரையும் மொட்டைமாடியும் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகின்றன. பகலில் 28, 29 டிகிரி வரை போன சூடு விடியும் நேரத்தில் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது, சில நாட்களில் அதற்கும் கீழே. இதில் நம்மை ஏமாற்றுவது பகல் பொழுது. மாலை நாலு மணிக்குத் தொட்டியைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். குறைந்தபட்சச் சூட்டை நினைவில் வைத்துக் காட்டும் வெப்பமானியாக வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நாம் உறங்கும்போது என்ன நடந்தது என்பதை அது சொல்லும்.

சூடேறினால் ஈரம் ஏன் குறைகிறது

ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று 27 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 26 கிராம் தாங்கும். சூடேறும்போது காற்றின் தாகம் கூடுகிறது என்று சொல்லலாம். ஈரப்பதம் என்று கருவி காட்டும் விழுக்காடு, காற்று தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதன் கணக்கு. தை மாதத்து விடியற்காலையில் 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் கூடத்துக் காற்றில் சுமார் 14 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று தொட்டிக்குள் புகுந்து 27 டிகிரிக்குச் சூடேறினால் நீராவி அதே 14 கிராம்தான். தாங்கக்கூடிய அளவு மட்டும் 26 ஆகிவிட்டது. ஈரப்பதம் 54 விழுக்காடாக விழுந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் எங்கும் போகவில்லை. ஆனாலும் நண்டின் செவுளுக்கு அது வறண்ட காற்று.

கோழிக்குஞ்சுகளுக்குச் செய்வதுபோல் தொட்டிக்கு மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடுவது நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவது, அதற்கு உலர்ந்த சூடு நல்லது. நண்டுக்கு அதே பல்பு தீங்கு. பல்பின் வெக்கை நேராக மணலின் மேற்பரப்பையும் நண்டையும் உலர்த்திவிடும். அதோடு, இரவில் உலவும் உயிரான நண்டுக்கு இருட்டையும் கெடுத்துவிடும்.

எனவே சூடேற்றும் அதே நேரத்தில் தொட்டிக்குள் ஈரம் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும், ஊறிய ஈரம் வெளியேறாமலும் இருக்க வேண்டும். ஊறுவதற்கு நனைந்த மணலும், இரண்டு தண்ணீர்க் கிண்ணங்களும், ஒரு மூலையில் நனைத்த பாசியும் போதுமானவை. கிண்ணங்களில் ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றொன்றில் கடல்நீர். இரண்டிலும் குளோரின் இருக்கக்கூடாது, இரண்டிலும் நண்டு ஏறி வெளியே வரக் கல்லோ வலையோ வேண்டும். கிண்ணத்துக்குள் மீன் தொட்டிக்கு விடும் காற்றுக் குமிழிக் கல் ஒன்றைப் போட்டால் ஈரம் இன்னும் சீராக ஏறும். வெளியேறாமல் இருக்க, கம்பி வலை மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூடி போட வேண்டும். தீனி வைக்க நாள்தோறும் ஒருமுறை திறப்பதே காற்று மாறப் போதும்.

தெளிப்பானால் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தை நிலைநிறுத்த முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு எண் உயரும், பிறகு விழும். தெளித்த நீரெல்லாம் மணலுக்கு அடியில் இறங்கித் தேங்கி நாற்றமெடுக்கும். மூடியில் இடைவெளி இருக்கும் தொட்டிக்குத் தெளிப்பான் மருந்தாகாது.

கண்ணாடியில் பனி படிந்தால்

நெற்பயிரின் தாளில் பனி படிவதும் தொட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வழிவதும் ஒரே காரணத்தால். காற்றில் உள்ள நீராவி, தன்னைவிடக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. தொட்டிக் காற்று 27 டிகிரியிலும் 80 விழுக்காட்டிலும் இருந்தால், 23 டிகிரிக்குச் சற்று மேலே உள்ள புள்ளிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். கூடத்தில் 20 டிகிரி இருக்கும்போது வெறும் கண்ணாடியின் உள்பக்கம் அந்த அளவுக்கு எளிதில் குளிர்ந்துவிடும். அப்படிப் படிந்து வழியும் நீர் காற்றிலிருந்து கழிந்த ஈரம். கண்ணாடி நனைந்திருப்பதைப் பார்த்து உள்ளே ஈரம் நிறைந்திருக்கிறது என்று மகிழ்வது தவறு. கண்ணாடி குளிர்ந்துபோய், காற்றின் ஈரத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று படிப்பதே சரி.

இதற்குத் தீர்வு, கண்ணாடியை வெளிப்பக்கம் போர்த்துவது. முதல் பத்தியில் போர்வை உதவாது என்று எழுதினேன். உள்ளே சூடு உண்டாகும் இடம் ஒன்று இருந்தால் போர்வை உதவும். எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று கேட்டேன். எதற்கு என்று விசாரித்துவிட்டு, “இது ஐஸையும் கரையவிடாது தம்பி, சூட்டையும் ஓடவிடாது, எடுத்துக்க” என்று கொடுத்தார். அவர் சொன்னதில் ஒரு பாடப்புத்தகப் பக்கமே அடங்கியிருக்கிறது: வெப்பக் காப்புக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் இல்லை, சூடு எந்தத் திசையில் ஓட முயன்றாலும் அது தடுக்கும். பெட்டியைக் கழுவி வெயிலில் உலர்த்தி, பலகைகளாக அறுத்து, தொட்டியின் இரு பக்கங்களிலும் அடியிலும் வைத்தேன். முன்பக்கத்தை இரவில் கெட்டித் துண்டால் மூடுகிறேன். சூடேற்றும் கருவி ஏதும் மாற்றாமல், இந்தக் காப்பு மட்டுமே கண்ணாடியில் நீர் வழிவதை அநேகமாக நிறுத்திவிட்டது.

தொட்டி நிற்கும் இடத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிமென்ட் தரையிலோ கிரானைட் மேடையிலோ வைத்த தொட்டி, இரவெல்லாம் அடிவழியாகச் சூட்டை இழக்கும். மரப் பெஞ்சு நல்லது, வெளிச்சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் தள்ளி. பெஞ்சு உறுதியானதாக இருக்க வேண்டும்; இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் ஆறு அங்குலத்துக்கு நனைந்த மணல் போட்டால் மணல் மட்டுமே 45 கிலோவுக்குக் குறையாது.

சூட்டை எங்கிருந்து கொடுப்பது

ஹீட் மேட் என்று விற்கும் மெல்லிய தகடுதான் இதற்கு ஏற்றது. பல்பு போல ஒளிராது, தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சூடு மேலே ஏறும் என்று பள்ளியில் படித்ததை நினைத்து, அடுப்பின்மேல் பாத்திரம் வைப்பதுபோல் தொட்டிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் வைத்தேன்.

அது ஏன் தவறு என்பது நண்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும். கடற்கரையில் உச்சி வெயிலில் மணல் கொதிக்கும். நண்டு குழி தோண்டி உள்ளே இறங்கும். இறங்க இறங்கக் குளிர்ச்சியும் ஈரமும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக அதன் உடம்பில் எழுதப்பட்ட பாடம் இது: சூடு தாங்கவில்லையா, கீழே போ. அடியில் ஹீட் மேட் வைத்த தொட்டியில் இந்தப் பாடமே நண்டைக் கெடுக்கிறது. சூட்டுக்குத் தப்பிக் கீழே இறங்கினால் இன்னும் சூடான, உலர்ந்த மணல் வருகிறது. அதைவிட்டுத் தப்ப நண்டுக்குத் தெரிந்த ஒரே வழி மேலும் கீழே போவது. தோலுரிக்கப் புதைந்திருக்கும் நண்டின் நிலை இன்னும் மோசம். பழைய ஓட்டைக் கழற்றி, புது ஓடு கெட்டியாகும்வரை அது அந்தக் குழியிலேயே வாரக்கணக்கில், பெரிய நண்டானால் மாதக்கணக்கில், மென்மையான உடலோடு கிடக்கும். எழுந்து ஓட முடியாது. முதல் ஆண்டு எங்களிடம் வந்த நான்கு நண்டுகளில் ஒன்றை நாங்கள் இழந்தது இப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே ஹீட் மேட்டைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், வெளியே, மணல் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். சூடாவது காற்று, மணல் அந்தக் காற்றிலிருந்து மெதுவாகத் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும். மேட்டின் ஒரு ஓரமும் மணல் மட்டத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் மட்டும் தெர்மாகோலை மேட்டின்மேல் நேராக வைத்து அழுத்தக்கூடாது; தெர்மாகோல் சூட்டில் உருகும், தீப்பற்றும். கூரைத் தகரத்துக்கு அடியில் ஒட்டும் அலுமினியத் தாள் போர்த்திய காப்பு விரிப்பு அந்த இடத்துக்கு ஏற்றது, அதுவும் தெர்மோஸ்டாட், அதாவது குறித்த சூடு வந்ததும் மேட்டைத் தானே நிறுத்திவிடும் கருவி, பொருத்தியிருந்தால் மட்டும். நண்டு ஏறிப் படுத்துக்கொள்ளட்டும் என்று உள்ளே வைக்கும் சூடேறும் கற்களை வாங்கவே வேண்டாம். ஒரே இடத்தில் சூட்டைக் குவித்து வயிற்றைச் சுட்டுவிடும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூடேற்றியையும் நம் பகுதியில் பயன்படுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பனிக்குளிரில் இரவுக்குத் தேவைப்படும் சூடு பகலுக்குத் தேவைப்படாது. கூடமே 29 டிகிரியில் இருக்கும் பிற்பகலில் மேட்டும் ஓடிக்கொண்டிருந்தால் தொட்டி 32ஐத் தாண்டிவிடும். அளவுக்கு மீறிய சூடு, குளிரைவிட விரைவாக நண்டைக் கொல்லும். தெர்மோஸ்டாட்டை 26இல் வைத்து, அதன் உணரியை மேட்டுக்கு எதிர்ப்பக்கம், மணலுக்கு ஓரிரு அங்குலம் மேலே, நண்டு இழுத்துப் போடாதபடி அழுத்தமாகக் கட்டிவிட வேண்டும். உணரி நழுவித் தொட்டிக்கு வெளியே விழுந்துவிட்டால், குளிர்ந்த கூடத்தைத் தொட்டி என்று எண்ணிக்கொண்டு அது இரவு முழுதும் மேட்டை ஓடவிடும். மின்கம்பி சாக்கெட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், கம்பிவழியே வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

மணல் ஒரு சூட்டுக் களஞ்சியம்

ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள் கலந்து, கடல்நீர் விட்டுப் பிசைந்து, கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கும் பதத்தில் படுகை அமைக்க வேண்டும். ஆழம் ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. இருக்கும் நண்டுகளில் பெரியதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு என்பது மற்றொரு கணக்கு, இரண்டில் எது அதிகமோ அது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மிகுதி என்பதால் நார்த்தூளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. உரம் கலக்காததாகக் கேட்டு வாங்கி, அலசிப் பயன்படுத்த வேண்டும்.

இந்தப் படுகை தோலுரிக்கும் இடம் மட்டும் அன்று, சூட்டைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமும்கூட. ஒரே கொள்ளளவுள்ள காற்றைவிட நனைந்த மணல் ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும். மூடியைத் திறந்தால் காற்றின் சூடு சட்டென்று விழுந்து, மூடியதும் மீண்டும் ஏறிவிடுவதும், மணலுக்குள் செருகிய வெப்பமானி அசையாமல் இருப்பதும் இதனால்தான். படுகை ஆழமாக இருக்கும் தொட்டி குளிருவதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் மின்தடையின்போது நமக்கு இருக்கும் கைமுதல்.

மின்சாரம் இல்லாத இரவுகள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், டெல்டாவின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இந்த ஊரில் மின்சாரத்தை மட்டும் நம்பி ஒரு தொட்டியை வைத்திருக்க முடியாது.

மின்சாரம் போனவுடன் செய்ய வேண்டியது, மூடியைத் திறக்காமல் இருப்பதும் நான்கு பக்கமும் போர்த்துவதும்தான். காப்பு உள்ள தொட்டி பல மணி நேரம் தாங்கும். உள்ளே 23 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால், அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் கெட்டியான பாட்டிலில் ஊற்றி மூடி, துணி சுற்றித் தொட்டிக்கு வெளியே, கண்ணாடிக்கும் போர்வைக்கும் இடையில் வைக்கலாம். இரண்டு மூன்று மணிக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கும். நன்றாகக் குளிர்ந்துபோன நண்டை எடுத்து வெந்நீரில் விடுவதோ, கையில் வைத்துச் சூடேற்றுவதோ கூடாது. தொட்டியின் சூட்டைச் சில மணி நேரத்தில் மெல்ல ஏற்றினால் நண்டு தானே எழுந்துகொள்ளும். மெழுகுவர்த்தியையோ கரியடுப்பையோ தொட்டிக்கு அருகே கொண்டுவரக் கூடாது; புகை செவுளுக்கு ஆகாது, அடைத்த அறையில் நமக்கும் ஆகாது.

புகை என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று. மழைக்குப் பிறகு கொசு பெருகும் அதே மாதங்களில்தான் குளிருக்காகச் சன்னல்களையும் சாத்துகிறோம். கொசுவிரட்டி மின்கருவிகளிலும் கொசுவர்த்திச் சுருள்களிலும் பொதுவாக இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சிகளைக் கொல்லும் அந்த மருந்து, பூச்சிகளின் தூரத்து உறவான நண்டுகளுக்கும் கொடியது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேரும் அந்தக் கூடத்தில் வலைக்குள்தான் உறங்குகிறோம்.

பனிக்காலத்தில் நண்டு மண்ணுக்குள் போய்விட்டால், குளிரில் விறைத்துவிட்டதோ என்று அஞ்சித் தோண்டிப் பார்க்கும் ஆசை எழும். தோண்டவே கூடாது. மணலுக்குள் செருகிய வெப்பமானி 24க்கு மேல் காட்டி, மீன் அழுகியது போன்ற கடும் நாற்றமும் எழாமல் இருந்தால், உள்ளே நடப்பது தோலுரித்தல் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். எங்கள் பெரிய நண்டு ஒரு மார்கழியில் இறங்கி, மாசி முடியும்போதுதான் மேலே வந்தது.

பங்குனி பிறந்து, குறைந்தபட்சச் சூடு ஒரு வாரம் தொடர்ந்து 25க்கு மேல் இருந்தால், ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். ஒட்டியதைப் பிய்த்தால் கெட்டுவிடும் என்பதால் மேட் அங்கேயே இருக்கட்டும். தெர்மாகோல் பலகைகளையும் எடுப்பதில்லை. சித்திரை வெயிலில் கூடம் 35 டிகிரியைத் தொடும் பிற்பகல்களில், வெளிச்சூடு விரைந்து உள்ளே ஏறாமல் தடுத்து நிற்கப்போவது அந்த மீன்பெட்டிப் பலகைகளே.